பார்ப்பதற்காக வரைதல்: ஜான் ரஸ்கினின் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் டிராயிங்'

'தி எலிமென்ட்ஸ் ஆஃப் டிராயிங்' (ஓவியத்தின் அடிப்படைகள்) ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் (1819–1900) 1857இல் வெளியிட்ட ஓவியப் பயிற்சி நூல். நேரில் வர முடியாத ஒரு மாணவருக்கு ஆசிரியர் எழுதும் மூன்று கடிதங்களின் வடிவில் அமைந்தது. முதல் கடிதம் தொடக்கப் பயிற்சிகளைச் சொல்கிறது. இரண்டாவது, வெளியே சென்று நேரில் பார்த்து வரைவதைப் பற்றியது. மூன்றாவது வண்ணத்தையும் படத்தின் அமைப்பையும் பேசுகிறது.

தமிழ் வாசகர்கள் ரஸ்கினை அறிவது பெரும்பாலும் காந்தி வழியாக. 1904இல் ஜோகனஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற ரயிலில் காந்தி படித்து, பின்பு 'சர்வோதயம்' என்ற பெயரில் குஜராத்தியில் சுருக்கி எழுதிய 'அன்டு திஸ் லாஸ்ட்' ரஸ்கினுடையது. அந்நூலின் கட்டுரைகள் 1860இல் இதழில் வெளிவந்தன. ஓவியப் பாடநூல் அதற்கு மூன்று ஆண்டு முந்தியது. சுவரையும் மரக்கிளையையும் எப்படி வரைவது என்று எழுதிய ஒருவர் மூன்றே ஆண்டில் கூலியையும் உழைப்பையும் பற்றி எழுதப் போனது தற்செயல் என்று பலரும் கடந்துபோகிறார்கள். கல்லைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியவர் கல் செதுக்கியவனையும் பார்க்க நேர்ந்தது என்பதே இந்த நூலை மீண்டும் படிக்கும்போது தோன்றுகிறது. அவர் உட்கார்ந்து வரையாத இடங்களில் அந்தப் பார்வை எப்படிக் கைவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நோக்கம்

ஓவியர்களை உருவாக்குவது தன் வேலையல்ல என்று ரஸ்கின் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். கூர்ந்து பார்க்கத் தெரிந்துவிட்டால் வரைவது பெரிய கடினமில்லை. அப்படியே கடினமாக இருந்தாலும் வரைவதைவிடப் பார்ப்பதே முக்கியம் என்பது அவர் கட்சி. வரையக் கற்பதற்காக இயற்கையைப் பார்க்கச் சொல்வதைவிட, இயற்கையை நேசிக்கக் கற்பதற்காக வரையச் சொல்வதையே தான் விரும்புவதாகவும் எழுதுகிறார்.

இந்த எண்ணம் வகுப்பறையில் உருவானது. 1854இல் எஃப். டி. மாரிஸ் லண்டனில் தொடங்கிய தொழிலாளர் கல்லூரியில் ரஸ்கின் சம்பளம் இல்லாமல் ஓவியம் கற்பித்தார். பகலெல்லாம் பட்டறையில் நின்றவர்கள் மாலையில் வந்து படித்த இடம் அது. கவிஞரும் ஓவியருமான ரொசெட்டியும் அங்கே கற்பித்தார். 1857இல் அரசு ஆணையம் ஒன்றின் முன் சாட்சியம் அளித்தபோது, தச்சரை ஓவியராக்குவது தன் முயற்சியல்ல, தச்சராகவே இன்னும் மகிழ்ச்சியாக இருக்கச் செய்வதுதான் என்ற பொருளில் ரஸ்கின் பதில் சொன்னார். மேலிருந்து பேசுவதுபோல இதைப் படிக்கவும் இடமுண்டு. தச்சர் ஏன் ஓவியராகக் கூடாது என்று கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். ஆனால் வேலை வாய்ப்பு, மதிப்பெண், சான்றிதழ் என்று எந்தப் பயனையும் காட்டாமல் ஒருவருக்கு ஒன்றைக் கற்பிக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே சொன்ன துணிவு அதில் இருக்கிறது.

குழந்தைகளைப் பற்றி அவர் சொல்வது ஆசிரியர்களுக்கு வியப்பளிக்கும். பன்னிரண்டு, பதினான்கு வயதுக்கு முன் முறையான ஓவியப் பயிற்சியே வேண்டாம் என்கிறார். தாளும் மலிவான வண்ணமும் கொடுத்துக் கிறுக்க விட வேண்டும்; கண்ணெதிரே இருப்பதில் தனக்குப் பிடித்ததை வரையும்படி மெல்லத் திருப்பிவிட வேண்டும்; அளவுக்கு மீறிப் பாராட்டக் கூடாது.

அச்சைப் பார்த்து வரைதல்

ரஸ்கின் எதிர்த்துப் பேசியது ஒரு வலுவான அரசு முறையை. 1850களில் பிரிட்டனில் ஹென்றி கோலின் தலைமையில் இயங்கிய துறை, தொழிற்சாலைகளுக்கு வடிவமைப்பாளர்களைத் தயாரிக்க ஒரு தேசியப் பாடத்திட்டத்தை நடத்தியது. சவுத் கென்சிங்டன் முறை என்று அதற்குப் பெயர். 23 படிநிலைகள் கொண்டது. அச்சடித்த புறக்கோட்டுப் படங்களைத் துல்லியமாக நகலெடுப்பதில் தொடங்கும். கோடு சுத்தமாக இருக்க வேண்டும், அளவு பிசகக் கூடாது. உயிருள்ள ஒன்றை நிமிர்ந்து பார்ப்பது வெகு தாமதமாகவே வரும். டிக்கன்ஸ் 1854இல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலின் தொடக்கத்தில் அரசு அதிகாரி ஒருவர் வகுப்புக்குள் வந்து, சுவர்த்தாளில் குதிரைப் படம் போடலாமா, கம்பளத்தில் பூப் போடலாமா என்று பிள்ளைகளை மிரட்டும் காட்சி இந்தத் துறையைப் பகடி செய்ததுதான்.

அந்த முறை இங்கும் வந்தது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கி, பின்னர் அரசின் கைக்கு வந்த கலைப்பள்ளி (இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி) உட்பட, காலனிய இந்தியக் கலைப்பள்ளிகள் சவுத் கென்சிங்டனின் நிழலில்தான் வளர்ந்தன. நம் ஓவிய ஆசிரியர்கள் எழுதும் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்' என்ற பெயர் நெடுங்காலம் நீடித்தது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதை ஓவிய வகுப்பின் சிக்கலாக மட்டும் பார்க்க வேண்டாம். தாவரவியல் ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொள்ளலாம். மேசைமேல் செம்பருத்திப் பூ இருக்கும். பிளேடால் நீளவாக்கில் வெட்டியும் வைத்திருப்பார்கள். மாணவரோ போன ஆண்டு அக்கா வரைந்த நோட்டைப் பார்த்து 'நீள்வெட்டுத் தோற்றம்' வரைந்துகொண்டிருப்பார். படம் சுத்தமாக இருக்கும், பாகங்கள் குறிக்கப்பட்டிருக்கும், முழு மதிப்பெண் கிடைக்கும். மேசைமேல் கிடந்த பூவில் ஒரு இதழ் பூச்சி அரித்து ஓட்டையாக இருந்தது எந்த நோட்டிலும் இராது. அந்த ஓட்டையைக் கண்டு வரைந்த மாணவருக்கு மதிப்பெண் குறையவும் கூடும். ரஸ்கின் எதிர்த்தது இதைத்தான்: பார்வை தேவைப்படாத ஒரு வரைதலை.

பயிற்சிகள்

முதல் பயிற்சி சலிப்பூட்டுவது. தாளில் ஒரு சிறு சதுரம். கூரான எஃகுப் பேனாவால் (கில்லட் நிறுவனத்தின் லித்தோகிராஃபிக் குரோக்வில் என்று பெயர் சொல்லியே பரிந்துரைக்கிறார்) மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு அந்தச் சதுரத்தை ஒரே சீரான சாம்பல் நிறமாக்க வேண்டும். எங்கே கருமை கூடிவிட்டதோ அங்கே பேனாக்கத்தியால் சுரண்ட வேண்டும். அடுத்தது, கருமையிலிருந்து வெண்மைக்குப் படிப்படியாக இறங்கும் பட்டை. கை பழகுவதற்கு என்று தோன்றும். பழகுவது கண். பக்கத்துப் பக்கத்து இரண்டு சாம்பல்களில் எது ஒரு இழை கருமை என்று கண்டுபிடிப்பது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், எவ்வளவு கடினம் என்று.

பிறகு கல். வழவழப்பான உருண்டைக் கல் ஒன்றை ஜன்னல் ஓரம் வைத்து வரையச் சொல்கிறார். கல் உருண்டையாகத் தெரிவது அதன் ஓரக்கோட்டால் இல்லை, மேலே படியும் ஒளியும் நிழலும் நுட்பமாக மாறுவதால்தான் என்று காட்டுவது நோக்கம். அந்தக் கல்லை வரைய முடிந்தால் கலையின் எல்லைக்கு உட்பட்ட எதையும் வரையலாம் என்கிறார். ரஸ்கினுக்கு மிகைப்படுத்தும் வழக்கம் உண்டு. இங்கே அந்த மிகை அதிகமில்லை.

நூலின் மிகச் சிறந்த பயிற்சி மரக்கிளைகள் பற்றியது. இலையில்லாத மரத்தின் கிளைகளை வானத்தின் பின்னணியில் பார்த்து, அவற்றை இருண்ட ஆறுகளாகக் கருதி, வரைபடம் தயாரிப்பவர்போலக் குறிக்க வேண்டும். அடுத்த அறிவுரை இன்னும் கூர்மையானது. கிளைகளை விட்டுவிட்டு, கிளைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளை வானத் துண்டுகளைக் கவனிக்கச் சொல்கிறார். ஒவ்வொரு துண்டும் வழக்கில் உள்ள நிலம், மூலை கொஞ்சம் விடுபட்டாலும் பெருந்தண்டனை என்று எண்ணி அளக்க வேண்டுமாம். பட்டா வழக்கு நடத்திய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பயிற்சியின் தந்திரம் எளியது. 'மரம்' என்றதும் மனம் தனக்குத் தெரிந்த மரத்தை நீட்டிவிடும்; தண்டு, இருபுறமும் கிளை, மேலே கொத்து. வானத் துண்டுக்குப் பெயர் இல்லை, முன்பழக்கமும் இல்லை. எனவே பார்க்காமல் அதை வரையவே முடியாது.

பெயர் நீங்கிய கண்

இதிலிருந்துதான் ரஸ்கினின் புகழ்பெற்ற அடிக்குறிப்பு பிறக்கிறது. நாம் காண்பது வெறும் வண்ணத் திட்டுகளையே. இது புல், அது சுவர் என்பதெல்லாம் அனுபவம் சேர்த்தது. வெயில் படும் புல் மஞ்சளாகத் தெரியும். புல் பச்சை என்று அறிந்திருப்பதால் நாம் அதைப் பச்சையாகவே காண்கிறோம். குழந்தை காண்பதுபோல, பார்வை திடீரெனப் பெற்ற பிறவிக் குருடர் காண்பதுபோலக் காணும் கண்ணை ஓவியர் மீட்டெடுக்க வேண்டும் என்கிறார்.

கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச் 'ஆர்ட் அண்ட் இல்யூஷன்' (1960) நூலில் இதை மறுத்தார். அப்படியொரு மாசற்ற கண் கிடையாது. எவரும் ஏதோ ஒரு முன்வார்ப்போடுதான் தொடங்குகிறார். அதை எதிரே இருப்பதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே போவதுதான் வரைதல் என்பது அவர் வாதம். கொள்கை அளவில் கோம்ப்ரிச் சொல்வதே சரி. இரண்டு வயதுக் குழந்தையும் வட்டம் போட்டு அதற்குக் கைகால் முளைக்க வைத்து 'அம்மா' என்கிறது. அதுவும் ஒரு வார்ப்புதான்.

ஆனால் ரஸ்கினின் பயிற்சிகளை அவருடைய கொள்கையிலிருந்து பிரித்துப் பார்த்தால், அவை கோம்ப்ரிச் சொன்ன திருத்தும் வேலையையே செய்கின்றன. சுரண்டு, மறுபடி பார், வானத் துண்டை அளந்து ஒப்பிடு என்றுதான் ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. கொள்கையில் தவறி, செய்முறையில் சரியாக இருப்பது ஆசிரியர்களிடம் அரிதல்ல. மறுதலையாக நடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கட்டடங்கள்

இரண்டாவது கடிதத்தில் வரும் 'ஆளும் கோடுகள்' என்ற கருத்து, கட்டடம் வரைபவர்களுக்கு முக்கியமானது. எந்த உருவத்திலும் அது எப்படி வந்தது, இப்போது என்ன செய்கிறது, இனி என்ன ஆகும் என்பதைக் காட்டும் கோடுகள் சில உண்டு. மற்றவை தவறினாலும் அவற்றைத் தவறவிடக் கூடாது என்கிறார். மரம் எந்தக் காற்றோடு போராடி வளர்ந்தது என்பதை அதன் சாய்வு காட்டும். பழைய ஓட்டு வீட்டில் அது நடுவில் உள்வாங்கிய முகட்டுக்கோடு. எந்த உத்தரம் தளர்ந்தது, எந்தப் பக்கம் மழைநீர் இறங்கியது என்பது அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. அளவுகோல் வைத்து முகட்டை நேராக்கிவிட்ட மாணவர் வீட்டின் வரலாற்றை அழித்துவிடுகிறார்.

ரஸ்கின் இதைக் கற்றது இத்தாலியில். 1845இல் வெனிஸின் கா டோரோ மாளிகையை அவர் வரைந்துகொண்டிருந்தபோதே கொத்தர்கள் அதன் பழைய சுவர்களை இடித்துக்கொண்டிருந்தனர். அந்த ஆத்திரத்தைத் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் கொட்டுகிறார். அதே பயணத்தில், அப்போது புதிதாக வந்திருந்த டகேரோடைப் புகைப்படங்களை வாங்கி மகிழ்ந்தார். புகைப்படம் கிடைத்த பிறகும் வரைவதை விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1849 முதல் வெனிஸில் தங்கி, ஏணியும் அளவுநாடாவுமாக ஒவ்வொரு தூணையும் வளைவையும் அளந்து குறிப்பேடுகளை நிரப்பினார். 'தி ஸ்டோன்ஸ் ஆஃப் வெனிஸ்' (1851–53) அந்தக் குறிப்புகளின் மேல் எழுந்த நூல்.

அளந்தபோது கண்ணில் பட்டது, ஒன்றுபோலத் தெரிந்தவை ஒன்றாக இல்லை என்பது. பீசா பேராலயத்தின் முகப்பு வளைவுகள் சமமாகத் தோன்றினாலும் சமமாக இல்லை என்று 1849இலேயே எழுதியிருந்தார். தூரத்தில் நின்று ரசித்தவர் எவரும் அறியாதது இது. ஏன் சமமில்லை என்ற கேள்விதான் அவரைச் செதுக்கியவனிடம் கொண்டு சென்றது. 'கோதிக்கின் இயல்பு' என்ற புகழ்பெற்ற அத்தியாயத்தில், ஒழுங்கற்ற சிற்பத்தில் தானே முடிவெடுத்து வேலை செய்த ஒரு மனிதனைக் காண்கிறார். மறுபுறம், வாசகரின் அறையில் உள்ள பிசிறில்லாத அலங்காரங்கள் உழைப்பாளியைக் கருவியாக்கியதன் அடையாளம் என்று சாடுகிறார். தொழிலாளர் கல்லூரியின் தொடக்கத்தின்போது அந்த அத்தியாயத்தைத் தனிப் பிரசுரமாக அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

நம்மிடையே கட்டடத்தின் முன் அப்படி உட்கார்ந்தவர் என்றால் சில்பி நினைவுக்கு வருவார். பி. எம். சீனிவாசன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று வரைந்தார். தேவன் உரை எழுதினார். சில்பியின் கோடு கல்லை அளந்தது. அதே இதழில் கோபுலுவின் கோடு, தெருவிலும் திண்ணையிலும் கச்சேரியிலும் இருந்த மனிதர்களின் நிற்கும் விதத்தையும் அமரும் விதத்தையும் பிடித்தது. ஒருவரை மற்றவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது.

அழகான வறுமை

ஓவியப் பாடநூலில் எதை வரையலாம் என்று ரஸ்கின் ஒரு பட்டியல் தருகிறார். பளபளப்பானவை, புதியவை, துப்புரவானவை வேண்டாம். தேய்ந்தது, கரடுமுரடானது, கோணலானது நல்லது. புதிதாக வண்ணம் பூசிய படகைவிட, நீர் வற்றிய கரையில் கிடக்கும் பழைய நிலக்கரித் தோணி மேலான பாடம். மிக அசிங்கம் என்று நீங்கள் நினைப்பது பொதுவாக வரைய நல்லது என்றும் சொல்கிறார்.

பயிற்சி என்ற அளவில் இது சரியான அறிவுரை. பாழ்பட்ட சுவரில் நிழல் வகைகள் அதிகம். சிக்கல் எங்கே என்றால், அந்தச் சுவருக்குப் பின்னால் ஆள் இருக்கிறார். ஒழுகும் கூரை வரைபவருக்கு விருந்து. அதன் கீழ்ப் படுப்பவருக்கு?

இதை ரஸ்கின் அறியாதவரில்லை. 1856இல் வெளிவந்த 'மாடர்ன் பெயிண்டர்ஸ்' நான்காம் தொகுதியில், படம்போன்ற அழகை மட்டும் தேடி, அதில் வாழ்பவரின் துயரத்தைக் காணாதவரை இரக்கமற்ற ரசனையாளர் என்ற பொருளில் கண்டிக்கிறார். அங்கே ஒரு அடிக்குறிப்பில் பிரான்சின் அமியான் நகரில் எழுதிய தன் நாட்குறிப்பையே சான்றாகத் தருகிறார். சோம் ஆற்றின் கிளைகள் ஓடும் ஏழைகளின் பகுதியில் நடந்தபோது, தன் இனிய நடைக்கும் அழகான காட்சிக்கும் எத்தனை பேர் துன்பப்பட்டு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை என்கிறார். ஸ்கெட்ச் நோட்டோடு திரிகிற எவரும் படிக்க வேண்டிய குறிப்பு அது.

அடுத்த ஆண்டே வந்த பாடநூலில் அந்தக் குறிப்பின் நிழல்கூட இல்லை. இதை நூலின் பெரிய குறையாகவே சொல்ல வேண்டும். தொடக்க மாணவருக்கு அறச்சிக்கல் எதற்கு என்று விட்டிருக்கலாம். ஆனால் பழக்கம் தொடக்கத்தில்தான் படிகிறது. இன்று உலகின் பல நகரங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சென்று கட்டடங்களையும் தெருக்களையும் வரைகிறார்கள். பத்திரிகையாளர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இதை ஓர் இயக்கமாகவே ஆக்கியது. நேரில் பார்த்தே வரைய வேண்டும், கண்ட இடத்துக்கும் காலத்துக்கும் உண்மையாக இருக்க வேண்டும் என்பவை அதன் நெறிகள். நல்ல நெறிகள். ஆனாலும் இத்தகைய படங்களில் காரை பெயர்ந்த அக்கிரகாரச் சுவரும் கிறங்கவைக்கும் செட்டிநாட்டு முற்றமும் வருகிற அளவுக்கு, அதே ஊரில் கழிவுநீர் தேங்கிய சந்தில் குடம் வரிசை வைத்துக் காத்திருக்கும் பெண்கள் வருவதில்லை. வந்தாலும் குடங்களின் வண்ணத்துக்காக வருகிறார்கள். எத்தனை மணியிலிருந்து அந்த வரிசை நிற்கிறது என்று படத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும். அமியான் குறிப்பின் வேலையை அது செய்துவிடும்.

வரையாத நாடு

1858 ஜனவரியில் சவுத் கென்சிங்டனில் ரஸ்கின் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அடுத்த ஆண்டு 'தி டூ பாத்ஸ்' நூலில் அது இடம்பெற்றது. 1857 கிளர்ச்சியின் செய்திகளால் இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்த நேரம். இந்தியரின் வண்ணத் திறனையும் நுண்ணிய வடிவமைப்பையும் ஒப்புக்கொண்ட கையோடு, இந்தியக் கலை இயற்கையின் உண்மை எதையும் காட்டுவதில்லை என்று தீர்ப்பளித்தார். மனிதனை வரையாமல் எட்டுக்கை அரக்கனை வரையும், பூவை வரையாமல் சுருளையும் கோணல்மாணல் கோட்டையும் வரையும் என்பது அவர் குற்றச்சாட்டு. அதிலிருந்து ஒரு நாட்டு மக்களின் ஒழுக்கம்வரை சென்று பேசினார்.

ரஸ்கின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் 1790களிலேயே தென்னிந்தியாவில் சுற்றி, மாமல்லபுரத்தை வரைந்து, லண்டனில் அச்சுப் படங்களாக வெளியிட்டிருந்தனர். எனவே இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல அவருக்கு அறியாமை என்ற சாக்கும் முழுதாகக் கிடையாது.

மாமல்லபுரத்தின் கிருஷ்ண மண்டபத்துக்குள் போனால், பல்லவர் காலப் பாறைச் சிற்பத்தில் கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணனைவிட நம்மை நிறுத்துவது ஓரத்தில் பால் கறப்பவர்தான். பசு கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. கறக்கும்போது பசு அப்படித்தான் செய்யும். தொழுவத்தில் உட்கார்ந்து பார்த்தவரே அந்தக் கழுத்தின் திருப்பத்தைச் செதுக்க முடியும். தோளில் குழந்தையைச் சுமப்பவர் இருக்கிறார், தலையில் பானைகளோடு வரும் பெண் இருக்கிறார். சற்றுத் தள்ளி அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய யானையின் காலடியில் குட்டிகள் ஒண்டியிருக்கின்றன. மான் ஒன்று பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறிந்துகொள்கிறது. அந்த மானின் பின்னங்கால் எந்த இலக்கணத்திலும் சொல்லப்பட்டதில்லை. ஆளும் கோடு என்று ரஸ்கின் தேடியது அங்கே பன்னிரண்டு நூற்றாண்டுகளாக வெயிலில் கிடந்தது.

பார்க்கும் முன் அறிந்ததாக எண்ணாதே என்று பாடநூல் எழுதிய மறு ஆண்டே, பார்க்காத ஒன்றைப் பற்றி அறிந்ததாகப் பேசினார். இதை வைத்துப் பாடநூலைத் தள்ளிவிட வேண்டும் என்பார் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. வெனிஸில் அவர் ஏணி ஏறினார். அமியானில் கால் நடையாகப் போனார். அங்கெல்லாம் அவர் கண் தன் நாட்டாரின் முன்முடிவுகளையே எதிர்த்தது. இந்தியாவுக்காக அவர் ஒரு கோடும் இழுக்கவில்லை. அங்கே அவரிடம் இருந்தது கண்காட்சியில் கண்ட துணியும் செய்தித்தாள் ஏற்றிய கோபமும்தான். அவரை மறுக்க வேண்டிய சான்று அவருடைய முறையிலேயே இருக்கிறது.

அந்த மறுப்பைச் செய்தவர்களில் ஒருவர் ரஸ்கின் வழியிலேயே வந்தவர். கொழும்பில் தமிழரான சர் முத்து குமாரசாமிக்கு மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசாமி, ரஸ்கினையும் அவர் வழிவந்த வில்லியம் மாரிஸையும் ஆழ்ந்து கற்றவர். இலங்கையில் கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் வேலையை நேரில் பார்த்துப் பதிவு செய்து, 1908இல் 'மீடியீவல் சிங்களீஸ் ஆர்ட்' நூலாக வெளியிட்டார். மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் இருந்த கை அச்சுப்பொறியிலேயே அது அச்சானது. சென்னைக் கலைப்பள்ளிக்கு 1884இல் கண்காணிப்பாளராக வந்த ஈ. பி. ஹேவலும் பிற்காலத்தில் இந்தியச் சிற்பத்தை ஐரோப்பியரிடம் வாதாடி நிறுத்தினார்.

இங்கே பயன்படுத்துவோருக்கு

நூலின் மூன்றாவது கடிதம் வண்ணம் பற்றி நீள்கிறது; டர்னரின் படங்களை அறியாதவர்களுக்கு அதில் பல பக்கங்கள் பிடிபடாது. கடந்துபோகலாம். ரஸ்கின் 1877இல் தொடங்கி எழுதிய 'தி லாஸ் ஆஃப் ஃபேசோலே' என்ற பிற்காலப் பாடநூல் வட்டம், நேர்கோடு என்று மீண்டும் இறுக்கமான இடத்துக்குப் போகிறது. தொடங்குபவர்களுக்கு 1857ஆம் ஆண்டு நூலே ஏற்றது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் பழைய பாணி, வாக்கியங்கள் நீளம்.

நூல் இங்கிலாந்தின் மேகமூட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் ஊர் உச்சி வெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். சுவர் வெறும் வெள்ளைத் தகடாகத் தெரியும். எனவே கல் பயிற்சியைக் காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நான்கரைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் போதும். கருங்கல் வேண்டாம், சாயல் தெரியாது. பிளாஸ்டிக் டப்பா, எவர்சில்வர் டம்ளர் இவற்றை ரஸ்கின் சொன்னபடியே தள்ளி வைக்கலாம், அந்தப் பளபளப்பு தொடக்கத்தில் யாரையும் ஏமாற்றிவிடும். எஃகு நிப்புக்குப் பதில் சாதாரண கறுப்பு ஜெல் பேனா சரியாக வேலை செய்கிறது. ரப்பர் வேண்டாம்.

கிளைப் பயிற்சிக்கு இலையுதிர்ந்த மரம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். தை, மாசியில் வாகை இலையெல்லாம் உதிர்த்து, வெளிறிய காய்களோடு நிற்கும். கிராமத்து வேலியோரம் ஒதிய மரமும் அப்படித்தான். பள்ளி வளாகத்தில் வாகை இருந்தால் நல்லது: நாற்பது பிள்ளைகளும் ஒரே மரத்தைச் சுற்றி வட்டமாக உட்காரலாம், ஒருவர் காணும் வானத் துண்டு இன்னொருவர் தாளில் வராது, பக்கத்தில் எட்டிப் பார்த்து நகலெடுக்க வழியில்லை.